வேர் வந்துவிட்டது, தளிர் எங்கே?

ஜூன் 9: வாசகி ஒருவரின் கேள்வி

"பக்கத்து வீட்டில் கேட்டு மணி பிளான்ட் இலை ஒன்றைக் காம்போடு வாங்கி வந்து, ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்தேன். பொங்கல் சமயத்தில் போட்டது. இப்போது பாட்டில் நிறைய வேர் சுருண்டு கிடக்கிறது. இலையும் பச்சையாக, கெட்டியாக இருக்கிறது. ஆனால் புது இலை ஒன்றுகூட வரவில்லை. உரம் போட வேண்டுமா, ரூட்டிங் ஹார்மோன் வாங்க வேண்டுமா? மணி பிளான்டைச் சொல்லாமல் எடுத்து வந்தால்தான் வளரும், கேட்டு வாங்கினால் வளராது என்கிறார் மாமியார். அதுதான் காரணமா?"

ஜூன் 9, இரவு

உரமும் வேண்டாம், ஹார்மோனும் வேண்டாம். அந்த இலை இனி எத்தனை பொங்கல் வந்தாலும் தளிர் விடாது. உங்களிடம் இருப்பது இலையும் காம்பும்தான். கணு பக்கத்து வீட்டிலேயே நின்றுவிட்டது.

மணி பிளான்டில் புதுக் கிளை கிளம்புவது கணுவிலிருந்து. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் சின்னதாக ஒரு மொட்டு ஒட்டிக்கொண்டிருக்கும், அதுதான் பிறகு கொடியாக நீளும். காம்பில் அது கிடையாது. வெட்டுவாயில் வேர் உண்டாக்கக் காம்புக்குத் தெரியும், மொட்டு உண்டாக்கத் தெரியாது. அதனால் வேலைக்குப் போகாமல் பென்ஷன் வாங்கும் ஆள் மாதிரி, தண்ணீரைக் குடித்துக்கொண்டு மாதக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

மறுபடி போய்க் கேளுங்கள். இந்த முறை தண்டோடு, குறைந்தது இரண்டு கணு. கீழ்க் கணுவுக்கு அரை அங்குலம் கீழே வெட்டுங்கள். அந்தக் கணுவின் இலையைக் கிள்ளிவிட்டுக் கணுவை மட்டும் தண்ணீரில் மூழ்க வையுங்கள், மேல் இலை வெளியே இருக்கட்டும். கணுவின் அடிப்பக்கம் பழுப்பாக, கட்டையாக ஒரு முளை துருத்திக்கொண்டிருந்தால் அதை வெட்டி எறிந்துவிடாதீர்கள். அது காற்று வேர். தண்ணீர் பட்டதும் அதன் பக்கவாட்டிலிருந்துதான் முதல் வெள்ளை வேர்கள் கிளம்பும்.

ஜூன் 10

மாமியார் சொன்ன திருட்டு விஷயத்துக்கு நேற்று பதில் எழுதவில்லை. இரண்டு பேர் விடாமல் கேட்டுவிட்டீர்கள்.

திருடி நட்டால்தான் பணம் வரும் என்பது எங்கள் வீட்டிலும் உண்டு. யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. திருடுகிறவர் வாடிய செடியில் கை வைக்க மாட்டார். மதிலைத் தாண்டித் தொங்கும் நல்ல கொடியின் நுனியை ஒரே இழுப்பில் முறித்துக்கொண்டு நடையைக் கட்டுவார். நாலைந்து கணுவாவது அதில் இருக்கும். கேட்டு வாங்குகிறவருக்கு வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்து ஒரே ஒரு இலையைக் கிள்ளித் தருவார். மாமியார் கட்சிக்கு ஒரு பாயின்ட்.

இன்னொன்றும் உண்டு. இந்தச் செடி வீட்டில் பூத்துப் பார்த்தவர் யாராவது இருக்கிறீர்களா? இருக்க முடியாது. பூப்பதற்கு வேண்டிய ஜிப்பெரலின் ஹார்மோனைத் தயாரிக்கும் மரபணு ஒன்று அதில் ஒழுங்காக வேலை செய்வதில்லை என்று 2016இல் ஓர் ஆய்வு வந்தது. வளர்ப்புச் செடி ஒன்று தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964இல். பூ இல்லையென்றால் விதை ஏது? பசிபிக் கடலில் தாஹித்திக்குப் பக்கத்தில் உள்ள மோரேயா தீவு அதன் பூர்வீகம். அங்கிருந்து நம் வீட்டு வரவேற்பறை வரை அது வந்து சேர்ந்தது தண்டை வெட்டி வெட்டித்தான். அதில் எத்தனை தண்டு கேட்டு வாங்கியது, எத்தனை கேட்காமல் எடுத்தது என்று யார் கண்டது.

ஜூன் 14

ஹார்மோன் பொடி பற்றித் தனியாக எழுதச் சொல்லி மூன்று நாளாகக் கேட்கிறீர்கள்.

தண்டின் நுனியிலும் இளந்தளிரிலும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் சுரந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். தண்டை வெட்டியதும் போக வழியில்லாமல் வெட்டுவாய்க்கு மேலே தேங்கும். அங்கே வேர் புறப்படுவதற்கு அந்தத் தேக்கம் ஒரு முக்கியக் காரணம். கடையில் விற்கும் பொடியில் இருப்பது இதே வகைதான், இன்டோல் பியூட்டிரிக் அமிலம். 1935இலேயே அமெரிக்காவின் பாய்ஸ் தாம்சன் தாவர ஆய்வு நிலையத்தில் சிம்மர்மேனும் வில்காக்சனும் அது வேர் விட வைப்பதைக் காட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து நர்சரித் தொழிலே அதை நம்பி ஓடுகிறது.

நர்சரிக்கு அது வேண்டும். நமக்கு வேண்டுமா? மணி பிளான்ட், சிங்கோனியம், கோலியஸ், ஓமவல்லி இவற்றுக்கெல்லாம் வேண்டவே வேண்டாம். தண்டைக் கீழே போட்டாலே வேர் விடுகிற ஜாதி. செம்பருத்தி, காகிதப்பூ, ரோஜா என்று தண்டு கட்டையாகிவிட்ட செடிகளுக்குப் போட்டால் நன்றாக வித்தியாசம் தெரியும். டப்பாவில் 0.1, 0.3, 0.8 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். இளந்தண்டுக்கு முதலாவது, பாதி முற்றியதற்கு இரண்டாவது, முற்றிய குச்சிக்குக் கடைசி. அதிகம் போட்டால் அதிகம் வேர் என்று கணக்குப் போடாதீர்கள், தண்டின் அடி கருகிவிடும். குச்சியை டப்பாவுக்குள்ளேயே விட்டுத் தோய்க்கவும் வேண்டாம். ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் கொட்டி அதில் தொட்டுக்கொண்டு, மிச்சத்தைத் தூக்கிப் போடுங்கள். ஈரம் பட்ட டப்பா சீக்கிரம் வீணாகும்.

பட்டைத் தூள், மஞ்சள் தூள், தேன். இவை மூன்றும் பூஞ்சையையோ கிருமியையோ ஓரளவு தடுக்கும். வேர் வரவழைக்காது. அழுகாமல் இருந்ததால் வேர் வந்தது என்றால் ஒப்புக்கொள்கிறேன். பட்டைத்தூளே ஹார்மோன் என்று வீடியோ போடுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது.

ஜூன் 15

இளநீரை விட்டுவிட்டேனாம். சரி.

இளநீரில் சமாச்சாரம் இருக்கிறது, பொய்யில்லை. 1941இல் வான் ஓவர்பீக் என்ற விஞ்ஞானியின் குழுவினர் ஊமத்தை விதையின் கருவை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க இளநீரைத்தான் சேர்த்தார்கள். திசு வளர்ப்புக் கூடங்களில் இன்றும் சில இடங்களில் சேர்க்கிறார்கள். ஆனால் அதில் பேர்பெற்றது சைட்டோகைனின். அது தளிரைத் தூண்டும் சரக்கு, வேருக்கு அதிகமானால் முட்டுக்கட்டை போடும். அதோடு சர்க்கரை வேறு. எங்கள் வீட்டில் செம்பருத்திக் குச்சியை இளநீரில் ஊறப்போட்டு ராத்திரி மறந்துவிட்டோம், காலையில் சமையலறை கள்ளுக்கடை வாடை அடித்தது. குச்சியின் அடி வழவழவென்று ஆகிவிட்டது. இளநீரை நீங்கள் குடியுங்கள், குச்சிக்குத் தண்ணீர் போதும்.

ஜூன் 22

"கணு இல்லாமல் வராது என்று அடித்துச் சொன்னீர்களே, ஆப்பிரிக்கன் வயலெட்டில் ஒற்றை இலையிலிருந்து குட்டி வருகிறதே?" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். நான் சொன்னது மணி பிளான்டுக்கு. ஆனாலும் நல்ல கேள்வி.

சில செடிகளின் இலைக்கு மொட்டைப் புதிதாக உண்டாக்கும் திறமை உண்டு. ஆப்பிரிக்கன் வயலெட் இலையை ஓர் அங்குலக் காம்போடு சாய்வாக வெட்டி ஈரமான கோகோபீட்டில் (தேங்காய் நார்த்தூள்) நட்டால், முதலில் வேர், அப்புறம் ஒன்றிரண்டு மாதத்தில் காம்பின் அடியில் கொத்தாகக் குட்டிச் செடிகள். ரெக்ஸ் பிகோனியா இன்னும் ஒரு படி மேலே. இலையைக் கவிழ்த்து, தடித்த நரம்புகளை அங்கங்கே கீறி, மறுபடி நிமிர்த்தி ஈர மண்ணோடு ஒட்டி வைத்தால் கீறிய இடமெல்லாம் ஒரு செடி. ஸீஸீ பிளான்ட் இலை அடியில் சிறு கிழங்கு கட்டும், பிறகுதான் தளிர். அதற்குப் பொறுமை வேண்டும், மாதக்கணக்கில். நான் வைத்த ஸீஸீ இலை இன்னும் அசையவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

ரணகள்ளி தெரியும்தானே? கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று ஊர்ப்பக்கம் சொல்வார்கள். அதன் இலை விளிம்பில் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு மொட்டு முன்கூட்டியே தயாராக இருக்கிறது. சுவரில் ஆணியில் கட்டித் தொங்கவிட்டாலும் குட்டி வரும். பள்ளிக்கூடத்தில் புத்தகத்துக்குள் வைத்துப் பார்க்காதவர் உண்டா?

பீஸ் லில்லி இலையைத் தண்ணீரில் போட்டிருப்பவர் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அதைக் கிழங்கோடு பிரித்துத்தான் நட வேண்டும்.

ஜூலை 3

பாம்புச் செடிக்காரர்களுக்கு.

இலையை மூன்று அங்குலத் துண்டுகளாக வெட்டி நடலாம், சரி. வெட்டியதும் நடாமல் இரண்டு மூன்று நாள் நிழலில் காயவிடுங்கள். வெட்டுவாய் தோல் மாதிரி காய்ந்த பிறகு நட்டால் அழுகல் குறையும். முக்கியமானது எது அடி, எது நுனி என்று குழம்பாமல் இருப்பது. தலைகீழாக நட்டால் வேர் வராது. 1878லேயே ஜெர்மன் தாவரவியலாளர் ஃபோக்டிங் மரக் கிளைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறார். எப்படித் தொங்கவிட்டாலும் கிளையின் பழைய அடிமுனையில்தான் வேர் அதிகம் வந்தது. செடி தன் தலையையும் காலையும் மறப்பதில்லை. நான் வெட்டும்போதே அடிப்பக்கத்தை ஆங்கில வி போல வெட்டிவிடுவேன், நுனிப்பக்கம் நேர்வெட்டு. மேசையில் எல்லாம் கலந்து கிடந்தாலும் பிரச்சினை இல்லை.

அடுத்தது மஞ்சள் கரை போட்ட லாரன்டி வகை. அதன் இலைத்துண்டிலிருந்து வரும் குட்டிக்கு மஞ்சள் கரை இருக்காது. வெறும் பச்சைதான். ஏமாற்று வேலை ஒன்றுமில்லை. அந்த இலையில் இரண்டு வகைத் திசுக்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கின்றன, இலைத்துண்டில் புது மொட்டு பச்சைத் திசுவிலிருந்து கிளம்புவதால் மஞ்சள் போய்விடுகிறது. கரை வேண்டுமென்றால் தாய்ச்செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்து, பக்கக் கன்றைக் கத்தியால் பிரித்து நடுங்கள். வேறு வழி கிடையாது.

ஜூலை 4

மார்பிள் குயின் மணி பிளான்டில் முழு வெள்ளை இலை உள்ள கணுவை ஆசைப்பட்டு வெட்டாதீர்கள். வெள்ளையில் பச்சையம் இல்லை, பச்சையம் இல்லையென்றால் சோறு இல்லை. பாதிப் பாதி உள்ள கணுவாகப் பாருங்கள். கொரோனா காலத்தில் வெள்ளைத் திட்டு போட்ட மான்ஸ்டெரா என்ற அலங்காரச் செடியின் ஒற்றைக் கணுவுக்குக் கேட்ட விலையை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

ஜூலை 19

ஊறுகாய் பாட்டில் அக்கா (இனி இதுதான் பெயர், கோபித்துக்கொள்ள வேண்டாம்) இரண்டு கணுவோடு புதுத் தண்டு வாங்கி வந்து, வேரும் வந்து, பக்கத்தில் பச்சையாக முளையும் தெரிகிறது என்று எழுதியிருக்கிறார். நல்லது. இனிமேல்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிற இடம். எனக்கு இந்த இழையில் அதிகம் சொல்ல வேண்டியது இதுதான், ஹார்மோன் கலாட்டாவில் தள்ளிப்போய்விட்டது.

தண்ணீரில் வேர் வந்ததும் நாம் எல்லோரும் படம் எடுத்துப் போடுகிறோம். மண்ணுக்கு மாற்றி இரண்டு வாரத்தில் அது செத்ததை யாரும் போடுவதில்லை. அதனால் வேர் வரவழைப்பதே பெரிய வித்தை என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. கோலியஸ் தண்டில் வேர் வருவதைக் கவனியுங்கள். நாலைந்து நாளில் தண்டின் தோலுக்கு அடியில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக உப்பிக்கொண்டு வரும், அடுத்த நாள் தோலைக் கிழித்துக்கொண்டு ஊசி முனையாக வெளியே எட்டிப் பார்க்கும், வாரக் கடைசியில் பஞ்சுபோட்டது போல் ஆகிவிடும். நாம் எதுவும் செய்யவில்லை. அதுவாக வந்தது.

வம்பு மண்ணில். தண்ணீரில் வளர்ந்த வேர் வழுவழுப்பாக, சட்டென்று ஒடிவதாக இருக்கும். மண்துகளைப் பிடித்து நீர் உறிஞ்சும் மெல்லிய வேர்த்தூவிகள் அதில் குறைவு. மண்ணுக்குப் போனதும் அந்த வேரில் ஒரு பகுதி செத்து, புதிது வர வேண்டும். அந்த இடைவெளியில் மேலே நாலு பெரிய இலை இருந்தால் செடி தாக்குப்பிடிக்காது.

என் வழக்கம் இது. வேர் ஒன்றரை அங்குலம் நீண்டு, அதில் பக்கவேர் இரண்டு மூன்று பிரிந்ததுமே மாற்றிவிடுவேன். பாட்டில் நிறையட்டும் என்று காத்திருப்பதில்லை. நீண்ட வேர் நடும்போதே பாதி ஒடிந்துவிடும். தொட்டி டீ கப் அளவுதான். பெரிய தொட்டியில் சின்னச் செடியை வைத்தால் வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரமாகவே கிடந்து புளிக்கும். முதல் இரண்டு வாரம் மண் காயவே கூடாது, அதன் பிறகு மேல்மண் காய்ந்ததும் ஊற்றுவது என்று குறைத்துக்கொண்டே வருவது. பெரிய இலை இருந்தால் கத்தரிக்கோலால் பாதியாக நறுக்கிவிடுவேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், புது இலை வந்ததும் அதை எடுத்துவிடலாம்.

தண்ணீரே வேண்டாம், நேராகக் கோகோபீட்டில் நடலாமே என்று கேட்டால், நடலாம். ஒரே கொடியை வெட்டிப் பாதியைப் பாட்டிலிலும் பாதியைக் கோகோபீட்டிலும் வைத்ததில், முதல் மாதம் பாட்டில்தான் முன்னால் ஓடியது. மண்ணுக்கு மாறிய பிறகு பாட்டில் கோஷ்டி சோர்ந்துபோய் நின்றது, கோகோபீட் கோஷ்டி இலை விட்டுக்கொண்டு போனது. இருந்தாலும் நான் பாட்டிலை விடவில்லை. வேர் வருவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் எனக்கு. மண்ணில் வைத்தால் தினம் பிடுங்கிப் பார்க்கும் ஆசாமி நான்.

ஜூலை 20

கோகோபீட் என்றதும் கட்டியை ஊறவைத்து அப்படியே நட்டுவிட்டு, இலை ஓரம் கருகுகிறது என்று இருவர். கழுவினீர்களா?

தேங்காய் மட்டையில் இயற்கையாகவே பொட்டாசியம், சோடியம் உப்பு உண்டு. பொள்ளாச்சிப் பக்கம் ஏற்றுமதிக்குப் போகும் சரக்கைக் கழுவி, உப்பு அளவு பார்த்து அனுப்புகிறார்கள். தெருமுனை நர்சரியில் நமக்குக் கிடைப்பது எந்தச் சரக்கு என்று சொல்ல முடியாது. ஊறவைத்து, பிழிந்து, மறுபடி ஊறவைத்து, டீ நிறத்தில் வரும் தண்ணீர் வெளுக்கும் வரை கழுவுங்கள். 5 கிலோ கட்டியை முழுதாக ஊறவைத்துவிடாதீர்கள், 60 லிட்டருக்கு மேல் உப்பி வந்து குளியலறையை அடைத்துக்கொள்ளும். அனுபவஸ்தன் சொல்கிறேன்.

கோகோபீட்டோடு மூன்றில் ஒரு பங்கு பெர்லைட் (பொரிந்த, லேசான வெள்ளைக் கல் துகள்) சேர்த்தால் நல்லது. விலை கட்டுப்படியாகவில்லை என்றால் கழுவிய உமிக்கரி. எம்சாண்டில் தூள் அதிகம், சலித்து அலசாமல் போட்டால் சிமென்ட் பூசியது மாதிரி இறுகும்.

ஆகஸ்ட் 11

ஏசி அறையில் வைத்த குச்சிகள் எல்லாம் வாடுகின்றன என்றவருக்கு: காரணம் பெரும்பாலும் குளிர் கிடையாது, வறட்சி. சென்னையில் ஜன்னலைத் திறந்தால் காற்றே ஈரத்துணி, ஏசி போட்டால் அதே அறையில் ஈரம் வடிந்து குழாய் வழியாக வெளியே சொட்டுகிறது. வேர் இல்லாத குச்சி இலை வழியாக விடும் ஈரத்தை எங்கிருந்து ஈடுகட்டும்? மூடி வையுங்கள். பிரியாணி வாங்கிய தெள்ளிய பிளாஸ்டிக் டப்பா போதும், வாசனை போகக் கழுவிவிட்டு. தினம் ஐந்து நிமிடம் திறந்து காற்றாட விட்டு மூடுங்கள். டப்பாச் சுவரில் லேசாக வேர்த்திருந்தால் சரி, சொட்டச் சொட்ட வடிந்தால் ஈரம் அதிகம், வெண்பூஞ்சை வரும். நேர் வெயிலில் வைத்தால் உள்ளே அவிந்துவிடும்.

இந்த டப்பா வைத்தியத்துக்கு ஒரு பூர்வோத்திரம் உண்டு. லண்டனில் நத்தானியல் வார்டு என்று ஒரு டாக்டர். கரிப்புகையில் அவருடைய பெரணிச் செடிகள் பிழைக்கவில்லை. 1829இல் ஒரு பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு பாட்டிலில் போட்டு மூடி வைத்தார். பூச்சிக்காகக் காத்திருந்தால் பெரணியும் புல்லும் முளைத்து நிற்கின்றன. அதைப் பெரிதாக்கிக் கண்ணாடிப் பெட்டியாகச் செய்து, 1833இல் சிட்னிக்குக் கப்பலில் செடி அனுப்பினார், உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதற்கு முன்பு உப்புக்காற்றில் பெரும்பாலான செடிகள் வழியிலேயே போய்விடும்.

நமக்கும் இதில் தொடர்பு உண்டு. மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவைத் தரும் சிங்கோனா, 1860களின் தொடக்கத்தில் தென் அமெரிக்காவிலிருந்து ஊட்டிக்கு வந்தது இந்த வார்டு பெட்டிகளில்தான். வந்து சேர்ந்த கொஞ்சம் செடிகளை ஊட்டி தாவரவியல் பூங்காவின் மெக்ஐவர் குச்சி வைத்தும் பதியன் போட்டும் தோட்டம் தோட்டமாகப் பெருக்கினார். விதைக்குக் காத்திருக்கப் பொழுதில்லை. இதைப் படித்த பிறகு பிரியாணி டப்பாவைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 12

ஏசியில் சொட்டும் தண்ணீரைக் குச்சிக்கு ஊற்றலாமா? ஊற்றலாம், உப்பு கிட்டத்தட்ட இல்லை. போர்த்தண்ணீர் கடினமாக உள்ள வீடுகளில் நல்ல மாற்று. வாளியில் நாள்கணக்கில் தேக்கி வைக்காதீர்கள். ஆர்ஓ கழிவுநீர் மட்டும் வேண்டாம், அதில் உப்பு இரட்டிப்பு.

வெளிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். டிவிக்குப் பக்கத்து ஷோகேஸில் வைத்தால் அழகாக இருக்கும், வேர் வராது. இலை வெளிச்சத்தில் சர்க்கரை செய்தால்தான் அடியில் வேர் கட்ட முடியும். ஜன்னல் இல்லையென்றால் சாதாரண வெள்ளை எல்இடி பேட்டனை ஓர் அடி உயரத்தில் கட்டி, பகலெல்லாம் எரியவிடுங்கள். செடிக்கென்று விற்கும் ஊதா விளக்கை வாங்கி வீட்டை சர்க்கஸ் கூடாரம் ஆக்க வேண்டாம்.

செப்டம்பர் 5

மதுரையிலிருந்து ஒருவர் வெற்றிலைக் கொடியை வீட்டுக்குள் வளர்க்க முடியுமா என்கிறார். சோழவந்தான் பக்கத்தில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்களே ஐயா.

முடியும். வெற்றிலையும் தண்டு வைத்தே வளர்ப்பதுதான், கொடிக்காலில் யாரும் விதை போடுவதில்லை. கொடிக்காலில் முதலில் அகத்தியை விதைத்து, அது நிமிர்ந்து நிழல் கட்டிய பிறகு வெற்றிலைக் கொடியின் நுனிப்பகுதியை மூன்று முதல் ஐந்து கணுவுள்ள துண்டுகளாக வெட்டி நட்டு, அகத்தி மேல் ஏற்றுவார்கள். நிழல், ஈரம், தேங்காத தண்ணீர். வீட்டுக்குள் உங்களால் தர முடிவதும் ஏறக்குறைய அதேதான். கிரில் போட்ட பால்கனி ஓரம் சரியாக இருக்கும். கணுவில் சுவரைப் பிடிக்கும் குட்டை வேர்கள் ஏற்கெனவே இருக்கும் தண்டாகக் கேட்டு வாங்குங்கள், பாட்டில்கூட வேண்டாம், நேரே தொட்டி.

ஒரே ஜாக்கிரதை. மணி பிளான்ட் இலையும் வெற்றிலையும் அடுத்தடுத்துப் படர்ந்தால் தூரப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். மணி பிளான்ட் சாற்றில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் உண்டு. பாக்கோடு மடித்துப் போட்டால் நாக்கு எரியும். டிஃபன்பேக்கியா என்ற அலங்காரச் செடி இன்னும் மோசம், அதை வெட்டும்போது கையுறை போடுங்கள், குழந்தையும் நாயும் பக்கத்தில் வேண்டாம்.

அக்டோபர் 17

மழை ஆரம்பித்துவிட்டது, எல்லோரும் பாட்டில்களைப் பாருங்கள்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், நம் பாட்டில் தண்ணீர் போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழெட்டு நாள், பத்து நாள். ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீரை முழுதாகக் கொட்டி மாற்ற வேண்டும். குறைந்ததை ஊற்றி நிரப்புவது மாற்றுவது ஆகாது. கொட்டினாலும் போதாது, ஏனென்றால் இந்தக் கொசு தண்ணீருக்குச் சற்று மேலே பாட்டிலின் உள்சுவரில் முட்டையை ஒட்டிவிடுகிறது. காய்ந்தாலும் மாதக்கணக்கில் கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரியும். பாட்டில் கழுவும் பிரஷ்ஷால் உள்ளே தேய்க்க வேண்டும். வாய் குறுகலாக இருந்தால் தண்டைச் சுற்றிப் பஞ்சை அடைத்துவிடுங்கள்.

மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர் வீட்டுக்கு வந்தால் முதலில் பார்ப்பது ஃபிரிட்ஜ் பின்னால் உள்ள தட்டு, அடுத்தது மணி பிளான்ட் பாட்டில். போன மழைக்கு எங்கள் வீட்டுக்கு வந்த அம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றதோடு, போகும்போது இரண்டு கோலியஸ் தண்டும் கேட்டு வாங்கிப்போனார்.

தண்ணீர் மாற்றுவதால் குச்சிக்கும் லாபம். தேங்கிய நீரில் ஆக்சிஜன் குறைந்து அடி பழுப்பாகும். அழுகிய தண்டை விரலால் அமுக்கினால் தோல் கழன்று உள்ளே நார் மட்டும் நிற்கும், நாற்றமும் தெரியும். அப்படியானால் நல்ல பச்சை தெரியும் வரை மேலே ஏற்றி வெட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் போடுங்கள். தெள்ளிய பாட்டிலில் பாசி பிடிக்கிறது என்றால் பழுப்பு நிற பாட்டிலுக்கு மாற்றுங்கள்.

நவம்பர் 24

ஸீஸீ இலையில் கிழங்கு கட்டியிருக்கிறது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, சுண்டைக்காய்க்கு ரொம்பச் சின்னது. தளிர் இன்னும் இல்லை. அவசரப்படவில்லை, அதன் இஷ்டம். அவசரக்காரர்கள் இலையை விட்டுவிட்டுத் தாய்ச்செடியின் கிழங்கையே பிரித்து நடுங்கள்.

துளசி கேட்டவருக்கு: பூக்காத நுனியாகக் கிள்ளுங்கள், தண்ணீரிலேயே வேர் விடும். கதிர் வந்த தண்டு பூவில்தான் கவனமாக இருக்கும், வேருக்கு வராது.

நவம்பர் 25

அரேகா பாம் தண்டை வெட்டி வைத்தால் வருமா? வராது. பனை ஜாதியில் ஒரு தண்டுக்கு ஒரே குருத்து, அதை வெட்டினால் அந்தத் தண்டு முடிந்தது, வெட்டியது விறகு. தூரோடு பிரித்து நடுங்கள், அதுவும் தொட்டியில் தண்டு நெருக்கமாக இருந்தால் மட்டும். ஏற்கெனவே வெட்டிவிட்டேன் என்றால், கொலுப்படிக்குக் கால் கொடுக்க உதவும்.